டெல்டா கிராமங்களுக்கு நிவாரணம் கொண்டுபோகும் சபைக் குழுக்களுக்கு

டெல்டாவில் நிவாரண வேலைக்கு இரண்டு பருவம் உண்டு. ஒன்று ஐப்பசி, கார்த்திகை மழை. வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்தால் வேதாரண்யம், கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி, சீர்காழி பக்கத்துத் தாழ்ந்த ஊர்களில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நாள்கணக்கில் நிற்கும். இன்னொன்று மேட்டூர் நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் வரும் காலம். அப்போது வானம் வெளுத்திருக்கும், வெயில் அடிக்கும். ஆனால் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் போன்ற ஆற்றுப் படுகை ஊர்களில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் இருக்கும். மழை இல்லையே என்று வெளியூர்ச் சபைகள் இதைக் கவனிப்பதே இல்லை.

சென்னை, கோவை, நெல்லைச் சபைகளிலிருந்து வாலிபர்கள் வண்டி பிடித்து வருகிறார்கள். அன்போடுதான் வருகிறார்கள். ஆனாலும் பொருளில் பெரும்பகுதி மெயின்ரோட்டு ஊர்களிலேயே தீர்ந்துவிடுகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைசித் தெருவுக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகும் இதேதான் நடந்தது. சாலையோரத்தில் வண்டிகள் வழிமறிக்கப்பட்டன. உள்ளே இருந்தவர்கள் காத்துக்கிடந்தார்கள். இதற்குக் காரணம் மக்களின் பேராசை என்று சொல்வது அநியாயம். வண்டி கிளம்பும் முன்பே யாருக்கு, எந்தத் தெருவில், எத்தனை பை என்று எழுதி முடிக்காததுதான் காரணம். பட்டியல் சரியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம்.

முதலில் யாரைப் பார்ப்பது

தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து இறங்கியது 1706-இல். வேளாங்கண்ணிக்கு எல்லா மதத்தாரும் நடந்தே வருகிற மண் இது. சபை என்றால் என்ன என்று இந்த மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நேரே கிராமத்தில் போய் இறங்காமல், அந்தப் பகுதியின் சேகரத்து ஐயரையோ (சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தின் போதகர்), பங்குத்தந்தையையோ, உள்ளூர் பாஸ்டரையோ முதலில் பாருங்கள். அவர்களைவிட ஊரை அதிகம் அறிந்தவர் பெரும்பாலும் ஐயருக்குத் துணையாகச் சபையைக் கவனிக்கிற உபதேசியார்தான். சைக்கிளிலோ டிவிஎஸ்ஸிலோ தெருத் தெருவாகப் போகிறவர் அவர். எந்த வீட்டில் ஆள் படுக்கையில் கிடக்கிறார் என்பதுவரை சொல்வார்.

அடுத்து கிராம நிர்வாக அலுவலர். விஏஓவிடம் சொல்லாமல் கொடுப்பது குற்றமில்லை, ஆனால் சொல்லிவிட்டுக் கொடுப்பதில் இரண்டு லாபம். நேற்று எந்த அமைப்பு எந்த ஊருக்குக் கொடுத்தது என்பது அவருக்குத் தெரியும். எந்தப் பாலம் உட்கார்ந்துவிட்டது என்பதும் தெரியும். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. பாதை, வெள்ள நிலவரம் கேட்க அதையும் பயன்படுத்தலாம்.

மீனவ ஊர் என்றால் ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்காமல் ஒரு பையைக்கூட இறக்கக் கூடாது. அங்கே பங்கீடு தலைக்கட்டுக் கணக்கில், அதாவது குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று நடக்கும். அது ஒழுங்கான முறைதான், ஆனால் சில ஊர்களில் விதவைகளையும் தனித்து வாழும் பெண்களையும் முழுத் தலைக்கட்டாக எண்ணுவதில்லை. "பஞ்சாயத்துக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும் ஐயா, கணவர் இல்லாத வீடுகளையும் சேர்த்து எழுதிக்கொள்கிறோம்" என்று மரியாதையாக முதலிலேயே பேசிவிடுங்கள். கொடுக்கிற நேரத்தில் பேசினால் சண்டை வரும். ஆதித் திருச்சபையிலேயே விதவைகளுக்கு அன்றாடப் பங்கீடு சரியாகப் போகவில்லை என்று முறுமுறுப்பு எழுந்து, அதைக் கவனிக்கவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததாக அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. பங்கீடு ஒரு தனி ஊழியம். நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை விடக் கூடாது.

பட்டியலும் டோக்கனும்

முந்தின நாள் மாலை நான்கு பேர் போனால் போதும். இரண்டு இரண்டு பேராக, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெண் இருக்கும்படி பிரியுங்கள். ஊரின் கடைசியிலிருந்து தொடங்குங்கள். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள், ஆதிதிராவிடர் தெரு, இருளர் குடும்பங்கள், செங்கல் சூளைக் கொட்டகையில் தங்கியிருக்கும் வெளியூர்க் கூலிகள் ஆகியோரை எழுதி முடித்துவிட்டுப் பிறகு மெயின் தெருவுக்கு வாருங்கள். முன்னாலிருந்து எழுதினால் நூறு டோக்கன் பாதி ஊரிலேயே தீர்ந்துபோகும்.

ரேஷன் கார்டு கணக்கு ஒரு தொடக்கப் புள்ளி, அவ்வளவுதான். கல்யாணமாகி ஒரே கூரைக்குள் தனி அடுப்பு வைத்திருக்கிற மகனுக்குக் கார்டு இருக்காது. சூளைத் தொழிலாளியின் கார்டு வேறு மாவட்டத்தில் இருக்கும். "இந்த வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது?" என்று கேளுங்கள், அதுதான் சரியான கணக்கு. ஆதார் நகல் கேட்காதீர்கள். உங்களுக்கு அது தேவையில்லை, தண்ணீரில் நனைந்த வீட்டில் அதைத் தேட வைப்பதும் பாவம்.

டோக்கனைக் கெட்டி அட்டையில் அடியுங்கள். மெல்லிய தாளில் கொடுத்தால், அதைப் பெண்கள் முந்தானையில் முடிந்துகொள்வார்கள், மறுநாள் காலையில் வேர்வையிலும் மழையிலும் கூழாகியிருக்கும். ஜெல் பேனா மை ஒரு தூறலுக்கே ஓடிவிடும், பால்பாயிண்ட் நிற்கும். ஒவ்வொரு அட்டையிலும் எண், தெரு, குடும்பத்துப் பெண்ணின் பெயர், தேதி, சபை முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாத டோக்கன் ஜெராக்ஸ் கடையில் பெருகும். ஊருக்கு ஒரு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கனை வீட்டு வாசலில் கையில் கொடுக்க வேண்டும். மொத்தக் கட்டையும் ஊரில் ஒருவரிடம் கொடுத்து "நீங்களே கொடுத்துடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரை வம்பில் மாட்டிவிட்டதாகத்தான் அர்த்தம்.

நூறு டோக்கன் கொடுத்தால் 110 பை கட்டுங்கள். விட்டுப்போன வீடு நிச்சயம் இருக்கும்.

பையில் என்ன

வெள்ளம் வந்த முதல் மூன்று நாள் அரிசி கொடுத்துப் பயனில்லை. மண் அடுப்பு கரைந்திருக்கும், விறகு நனைந்திருக்கும், சிலிண்டர் மிதந்திருக்கும். அந்த நாட்களுக்கு ரொட்டி, ரஸ்க், அவல், பொட்டுக்கடலை, சர்க்கரை, பால் பவுடர், குடிதண்ணீர், கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி இவைதான் உதவும். சமைத்துக் கொடுப்பதென்றால் நூறு பேருக்கு 12 கிலோ அரிசி வையுங்கள். புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் தாங்கும். சாம்பார் சாதம் சீக்கிரம் ஊசிவிடும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். சூட்டோடு பொட்டலத்தைக் கட்டி மூடினால் உள்ளே வேர்த்துக் கெடும், சற்று ஆவி அடங்கவிட்டுக் கட்டுங்கள். கட்டியதிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் ஆள் கையில் போய்ச் சேர முடியாத ஊருக்குச் சமைத்த சோறு கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீர் வடிந்து அடுப்பு மூட்டத் தொடங்கிய பிறகு மளிகைப் பை. நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் வருகிற மாதிரி:

புழுங்கலரிசி 10 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, புளி 250 கிராம், மிளகாய்த்தூள் 200 கிராம், மல்லித்தூள் 200 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், டீத்தூள் 100 கிராம். இவற்றோடு தனிக் கவரில் குளியல் சோப்பு இரண்டு, துணி சோப்பு இரண்டு, நாப்கின் ஒரு பாக்கெட், கொசுவர்த்தி, தீப்பெட்டி.

அரிசி புழுங்கலாகத்தான் இருக்க வேண்டும். இங்கே அன்றாடச் சோறு அதுதான். பச்சரிசி பொங்கலுக்கும் பலகாரத்துக்கும். பொன்னி வாங்கினால் நல்லது. நெல் விளைவிக்கிற மண்ணுக்கு மட்ட அரிசி கொண்டுபோவதைப்போல் மனசைப் புண்படுத்துவது வேறில்லை. சோப்பைத் தனிக் கவரில் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஒரே பையில் ஓர் இரவு இருந்தால் அரிசி முழுக்கச் சோப்பு வாசனை ஏறிவிடும், எத்தனை முறை களைந்தாலும் போகாது. எண்ணெய் பாக்கெட்டையும் ஒரு சிறு கவரில் கட்டிப் பையின் மேல்பக்கம் வையுங்கள். அடியில் வைத்தால் ஒன்றாவது உடைந்து பத்துப் பையை நாசமாக்கும்.

கட்டைப்பை பார்க்க நன்றாயிருக்கும், ஆனால் 15 கிலோ போட்டால் பிடி அறுந்துவிடும். அரிசியை 10 கிலோச் சாக்கில் தனியாகவும் மளிகையைக் கட்டைப்பையிலும் போடுங்கள். அரிசி தலைக்கு, பை கைக்கு என்று அம்மாக்கள் சுலபமாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். 110 குடும்பத்துக்கு 1,100 கிலோ அரிசி, அதாவது 25 கிலோச் சிப்பம் 44. கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை மொத்தக் கடைகளில் முந்தின நாளே சொல்லிவைத்தால் கிடைக்கும். சென்னையிலிருந்து அரிசி ஏற்றி வருவது டீசல் செலவுதான். வாங்குகிற பணமாவது இந்த ஊர்க் கடைத்தெருவில் புரளட்டும். எட்டுப் பேர் வரிசையாக நின்று, ஒருவர் ஓரிரு பொருள் மட்டும் போடும்படி கட்டினால் மூன்று மணி நேரத்தில் முடியும். கடைசி ஆளின் வேலை எண்ணிப் பார்ப்பது மட்டும். அவரிடம் வேறு வேலை கொடுக்காதீர்கள்.

பழைய துணி வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் பழைய துணி சாலையோரத்தில் குவிந்து மழையில் மக்கியது. துணி கொடுக்க வேண்டுமென்றால் புது நைட்டி, லுங்கி, துண்டு, போர்வை. பாயும் தார்ப்பாயும் கொடுத்தால் இன்னும் நல்லது, ஈரத் தரையில் குழந்தையைப் படுக்கவைக்க முடியாமல் தவிக்கிற வீடுகள் பல.

வண்டியும் வழியும்

ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 15 கிலோ. 110 பைக்கு 1,650 கிலோ. குட்டியானையில் முக்கால் டன்தான் ஏற்றலாம் என்பதால் இரண்டு வண்டி போதாது, மூன்று வேண்டும். ஒரு 407 லாரியில் மொத்தமும் அடங்கும்தான், ஆனால் வெண்ணாறு, வெட்டாறு, அரிச்சந்திரா நதிக் கரைச் சாலைகளில் அது எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்க முடியாது, திருப்பவும் முடியாது. மூன்று சின்ன வண்டியே மேல்.

கரைச் சாலையில் தாரை விட்டுச் சக்கரத்தை இறக்கக் கூடாது. மழையில் ஊறிய களிமண் ஓரம் பார்க்கக் கெட்டியாகத் தெரியும். பாரம் ஏறியதும் சரிந்து வண்டி வாய்க்காலில் சாயும். எதிரே வண்டி வந்தால் அகலமான இடம்வரை பின்னால் எடுப்பதுதான் வழி. பழைய மதகுப் பாலங்களில் ஆட்கள் இறங்கி நடந்து, வண்டி தனியாகக் கடக்கட்டும். செல்போன் மேப் காட்டுகிற குறுக்கு வழியை நம்பாமல் டீக்கடையில் நிறுத்தி, "இந்தக் கரையில வண்டி போகுமா ஐயா?" என்று கேளுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டர் சேறு என்றால் ஊரிலேயே டிராக்டர் டிரெய்லர் கிடைக்கும். வாடகையைப் பேசிக் கையோடு கொடுத்துவிடுங்கள்.

வண்டியில் பேனர் கட்டாதீர்கள். "நிவாரணப் பொருள்" என்று எழுதிய வண்டியைப் பசித்திருக்கிற ஊர் நிறுத்தத்தான் செய்யும், அதில் தப்பில்லை. தார்ப்பாய் மூடி, சாதாரண லோடு வண்டிபோல் போங்கள். நிறுத்தினால் இறங்கிப் பேசுங்கள். பட்டியலைக் காட்டி, அந்த ஊரின் பெயரையும் எழுதிக்கொண்டு, எந்த நாள் வருவீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தேதி சொல்லுங்கள். பத்து ரொட்டிப் பாக்கெட் டிரைவர் பக்கத்தில் தனியாக இருக்கட்டும், குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். மூட்டையைப் பிரிக்கத் தொடங்கினால் மொத்தமும் அங்கேயே இறங்கிவிடும்.

கொடுக்கிற நேரம்

வயலில் தண்ணீர் நிற்கும்போது வேலை இருக்காது, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்; காலை 9 மணிக்குத் தொடங்கி 11-க்குள் முடிக்கலாம். தண்ணீர் வடிந்து நடவோ களையெடுப்போ நூறுநாள் வேலையோ தொடங்கிவிட்டால் பெண்கள் திரும்பி வர மதியம் ஆகும், 3 மணிக்கு மேல் போங்கள். முடிந்தவரை காலையே நல்லது. பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறந்த பிறகு வரிசையில் சலசலப்பு கூடும். ஒரு நாளைக்கு ஓர் ஊர், மிஞ்சினால் இரண்டு. இருட்டிய பிறகு கொடுக்கக் கூடாது.

இடம் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கோயில் தெருவில் வண்டியை நிறுத்தினால் வாய்க்காலுக்கு அப்பாலிருந்து சிலர் தயங்கி நிற்பார்கள். எல்லாரும் வந்து பழகிய பள்ளிக்கூடம், ரேஷன் கடை, நெற்களம் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஒரு பொது இடம் அமையாத ஊரில், ஒரே நேரத்தில், ஒரே அளவுப் பையோடு இரண்டு இடத்தில் கொடுங்கள். ஒரு தெருவுக்கு முதலில், இன்னொரு தெருவுக்கு மிச்சம் என்ற நிலை மட்டும் வரவே கூடாது.

இரண்டு மேசை போடுங்கள். ஒரு பைக்கு ஒரு நிமிடம் பிடிக்கும் என்று வைத்தால் நூறு குடும்பம் ஐம்பது நிமிடத்தில் முடியும். மேசைக்கு மூன்று பேர்: ஒருவர் டோக்கனை வாங்கி மூலையைக் கிழிப்பார், ஒருவர் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார், ஒருவர் அரிசியையும் பையையும் தூக்கிக் கொடுப்பார். மை டப்பாவோடு ஒரு பழைய துணியும் வையுங்கள், ஈர விரலில் ரேகை விழாது, துடைத்துவிட்டு வைக்க வேண்டும். வரிசை ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும்படி கயிறு கட்டுங்கள். வந்த வழியே திரும்பினால் மூட்டையோடு வருகிறவர்மேல் கூட்டம் மோதும். கர்ப்பிணிகளையும் முதியவர்களையும் நாற்காலி போட்டு உட்காரவைத்து முதலில் அனுப்புங்கள். வர முடியாதவர்களின் பை வீட்டுக்குப் போகட்டும், இரண்டு வாலிபர்களுக்கு அதுவே அன்றைய வேலை.

டோக்கன் இல்லாமல் வருகிறவரிடம் "பட்டியல்ல பேர் இல்லையே" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாதீர்கள். "கொஞ்சம் இப்படி உட்காருங்கம்மா, இது முடிஞ்சதும் பார்க்கிறோம்" என்று ஓரமாக உட்காரவைத்து, கடைசியில் உபதேசியாரோடும் ஊர்க்காரர் ஒருவரோடும் விசாரித்து, கையிருப்பிலுள்ள பத்துப் பையிலிருந்து கொடுங்கள். யாரையும் பயனாளி என்று அழைக்காதீர்கள். அம்மா, ஆயா, ஐயா, அண்ணே என்று அழைத்தால் போதும்.

ஜெபமும் புகைப்படமும்

குழுவின் ஜெபம் காலையில் கிளம்பும் முன் ஆலயத்திலேயே முடியட்டும். வரிசையில் நிற்கிறவர்களை ஜெபத்துக்குத் தலைகுனியச் சொல்வதும், பைக்குள் கைப்பிரதி வைப்பதும், பிரசங்கம் முடிந்த பிறகுதான் அரிசி என்பதும் கூடாது. பசியோடு நிற்கிறவர் மறுத்துப் பேச முடியாத நிலையில் இருக்கிறார்; அந்த நிலையில் அவரிடம் எதையும் கேட்பது சுவிசேஷத்துக்கே இழுக்கு. செஞ்சிலுவை அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகளிலும், உதவியை மத, அரசியல் நிலைப்பாட்டைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. யாராவது தாமாக "எனக்காக வேண்டிக்கங்க தம்பி" என்று கேட்டால், எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு அவர் வீட்டு வாசலில் நின்று அன்போடு ஜெபியுங்கள். விசுவாசிகளுக்குள் ஸ்தோத்திரம், ஊராருக்கு வணக்கம்.

கொடுக்கிற கையையும் வாங்குகிற முகத்தையும் படம் எடுக்காதீர்கள். காணிக்கை கொடுத்த சபையாருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் கட்டி அடுக்கிய மூட்டைகள், கடை ரசீது, மொத்தத் தொகை போதும். வலதுகை செய்வதை இடதுகை அறிய வேண்டாம் என்றவருடைய பேரில்தானே போகிறோம்.

குழுவின் உடம்பு

செருப்பு சேற்றில் நிற்காது, முழங்கால்வரை உயரமுள்ள ரப்பர் பூட் போடுங்கள். வெள்ளத்தில் பாம்புகள் மேட்டுக்கும் வீட்டுக்கூரைக்கும் ஏறிவிடும்; வைக்கோல் போர், விறகுக் கட்டு, மூட்டை அடுக்கு இவற்றில் பார்க்காமல் கைவிடக் கூடாது. கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காலில் புண் இருக்கிறவர் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் வெள்ளத் தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

குளோரின் மாத்திரை கொண்டுபோனால் அதைப் பையில் போடாமல் கிராம சுகாதார செவிலியரிடம் ஒப்படையுங்கள். காய்ச்சல் மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிடும் அபாயம் உண்டு. அரை கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தண்ணீருக்கு; போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். வேறு அளவு மாத்திரைகளும் விற்பதால் அட்டையில் உள்ளதைப் படித்துச் சொல்லுங்கள். படுகை ஊர்களுக்குப் படகில் போக நேர்ந்தால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒருவரும் ஏற வேண்டாம், நீச்சல் தெரிந்தவரும்கூட. கொள்ளிடத்தின் இழுப்பு குளத்தில் நீந்திப் பழகியவருக்குப் புரியாது.

கணக்கு

அன்று இரவே, தூங்கும் முன், கிழித்த டோக்கன், பதிவேட்டுக் கையெழுத்து, மிஞ்சிய பை மூன்றையும் ஒத்துப் பாருங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. வெளிநாட்டிலிருந்து யாராவது பணம் அனுப்புகிறேன் என்றால் முதலில் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், தருவது வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின்கீழ் வரும். அந்தப் பதிவு இல்லாத சபைக் கணக்கில் அதை வாங்கக் கூடாது.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் விட்டுப்போன வீடுகள், ரேஷன் கார்டோ பள்ளிச் சான்றிதழோ தண்ணீரில் போனவர்கள், மருந்து தீர்ந்த சர்க்கரை நோயாளிகள் ஆகியோரின் பெயரைத் தனித்தனியாக எழுதி, ஒரு பிரதியை உபதேசியாரிடமும் இன்னொன்றை விஏஓவிடமும் கொடுங்கள். மிஞ்சிய பைகளை உங்கள் ஊருக்குத் திருப்பி எடுத்துப் போகாமல் சேகரத்து ஆலயத்தில், தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, பட்டியலோடு விட்டுவாருங்கள். ஈரக் காற்றில் அரிசி சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அந்த வாரத்துக்குள்ளேயே கொடுத்து முடித்து, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை போனில் படம் எடுத்து அனுப்பும்படி உபதேசியாரிடம் சொல்லுங்கள்.